நாற்பத்தொன்றாம் எண் பை

பதிவறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நல்லதாக நாலு வார்த்தை என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். நேரம் தவறாமை, பொறுமை என்று பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பேசுகிற மாதிரி எழுத எனக்கும் தெரியும். நாசரேத்தில் ஒரு தலைமை ஆசிரியருக்கு மகளாகப் பிறந்தவள் நான். அந்தப் பேச்சைச் சோற்றோடு சேர்த்துத்தான் ஊட்டி வளர்த்தார்கள். ஆனால் வயது எழுபதைத் தாண்டியாயிற்று. இனி யாருக்குப் பயந்து என்ன ஆகப் போகிறது? ஒரே ஒரு விஷயம் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளில், தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்தில் கப்பல்கள் வந்து அணையத் தொடங்கிய காலம். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் ரெக்கார்டு கிளார்க்காகச் சேர்ந்தேன். அந்தக் கம்பெனி மூடி எத்தனையோ வருடமாகிவிட்டது. உங்கள் அலுவலகத்துக்கு நான் வந்ததெல்லாம் அதற்கு அப்புறம். அங்கே நான் ஒருத்திதான் பெண். மில்லர்புரத்தில் அத்தை வீட்டு மாடியில் தங்கி, காலையில் ஏழரைக்கெல்லாம் மேஜையில் உட்கார்ந்துவிடுவேன். ‘பொம்பளைப் பிள்ளை ஹார்பர் வேலையில் ஒரு மாசம் தாங்குமா?’ என்று ஆண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்திருக்கிறது. நான் யார் என்று காட்டுகிறேன் என்ற வீம்பு அன்றைக்கே வந்துவிட்டது.

சரக்கைக் கட்டித் தூக்குகிற கம்பி வடத்தைத் துறைமுகத்தில் சிலிங் என்பார்கள். எங்களிடம் அறுபது எழுபது சிலிங் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு தகரத் துண்டில் எண் அடித்திருக்கும். வெளியிலிருந்து ஒரு சர்வேயர் வந்து அவற்றைச் சோதிப்பார். நல்ல வடத்துக்கு வெள்ளைச் சீட்டு. கம்பி அறுந்து கழிக்க வேண்டியதற்குச் சிவப்புச் சீட்டு. சோதித்துவிட்டுப் போனால் சீட்டு டைப் அடித்து வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை கெட்ட வடமும் நல்ல வடங்களோடு அதே ஆணியில்தான் தொங்கும். கெட்டதை அங்கேயே வெட்டிப் போடுகிற வழக்கமெல்லாம் பிற்பாடு வந்தது.

நான் சேர்ந்தபோது அந்தச் சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைத்திருந்தார்கள். மளிகைக் கடையில் பில் குத்துகிற கொக்கிக் கம்பி தெரியுமல்லவா, அதேதான். சிலிங்குக்கு ஒரு கம்பி. உத்தரத்தில் வரிசையாக ஆணி அடித்து மாட்டியிருக்கும். காற்றடித்தால் அத்தனையும் ஆடும். உப்புக் காற்றில் கம்பி துருவேறி, சீட்டின் நடுவில் பழுப்புக் கறை இறங்கியிருக்கும். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். மெட்ராஸிலிருந்து வந்த ஒரு விலைப்பட்டியலில் தொங்கு ஃபைல் பீரோவின் படத்தைப் பார்த்ததிலிருந்து மேனேஜரை அரித்தெடுத்தேன். ஆறு மாதம் கழித்து, ‘தொலைஞ்சு போ, வாங்கித் தாரேன்’ என்று வாங்கிப் போட்டார்.

பச்சை நிற ஸ்டீல் பீரோ. டிராயரை இழுத்தால் இரண்டு பக்கமும் ஒரு தண்டவாளம். அதில் காகித அட்டைப் பைகள் கொடியில் காயப்போட்ட துணி மாதிரி வரிசையாகத் தொங்கும். ஒவ்வொரு பையின் தலையிலும் எண். தண்டவாளம் துரு பிடித்து இழுபடாமல் நின்றபோது, ஞாயிறு ஆராதனைக்குப் போன கோவிலிலிருந்து மெழுகுவர்த்தித் துண்டு கொண்டுவந்து தேய்த்து வழுக்க வைத்தேன். எந்தச் சீட்டைக் கேட்டாலும் கண் மூடித் திறப்பதற்குள் எடுத்துக் கொடுப்பேன். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருவருக்கு மட்டும் பிடிக்கவில்லை. சிலிங்குகளை வைத்திருந்த ஸ்டோருக்குப் பொறுப்பானவர். ஸ்டோர் அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். கடற்கரைக் கத்தோலிக்கர், ஐம்பது வயதிருக்கும். சின்ன வயதில் முத்துக் குளித்தவர். ஒரு காதில் சரியாகக் கேட்காது. எண்கள் தெரியும், எழுத்துத் தெரியாது. முன்பெல்லாம் கப்பல் வேலை தொடங்குமுன் அவரே நடந்துவந்து கம்பிகளைப் பார்ப்பார். எந்தக் கம்பியில் சிவப்பு தெரிகிறதோ அந்த வடத்தைத் தொட மாட்டார். பீரோ வந்த பிறகு, வெளி ஆட்கள் ரெக்கார்டு அறைக்குள் வரக் கூடாது என்று மேனேஜர் உத்தரவு போட்டுவிட்டார்.

“ஏளா, முன்னாடி நான் வந்து கண்ணால பாத்துட்டுப் போவேன். இப்ப நீ எல்லாத்தையும் பொட்டிக்குள்ள போட்டுப் பூட்டிட்டே. இனிம உன் வாயத்தான் நம்பணும், என்ன?” என்றார்.

“என் வாய் என்ன கெட்ட வாயா, அண்ணாச்சி?”

“வாய் நல்ல வாய்தான். தாளு மறக்காது. மனுசன் மறப்பாம்லா.”

நான் சிரித்தேன். புதுசு எது வந்தாலும் கிழடுகளுக்கு ஆகாது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் போன் வழக்கம் வந்தது. காலையில் ஸ்டோரிலிருந்து அண்ணாச்சி போன் செய்வார். ஒவ்வோர் எண்ணாகச் சொல்வார். நான் பையைத் திறந்து பார்த்து, ‘எடுக்கலாம்’ என்பேன், அல்லது ‘வேண்டாம்’ என்பேன். நான் சொன்னதை அவர் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த எண்ணுக்குப் போவார். இதை யாரும் எழுதி வைப்பதில்லை. எழுத வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, இத்தனை படித்தவளுக்கு.

அந்தச் சனிக்கிழமை மதியம் சர்வேயர் ஆபீஸ் பியூன் ஏழு சீட்டுகள் கொண்டுவந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அன்று எங்கள் ஊரில் அசனப் பண்டிகை. மொத்த ஊரும் கோவில் வளாகத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அதைத் தவறவிட்டால் அப்பா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேச மாட்டார். ஒரு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நின்றபடியே, ஒரு தோளில் துணிப்பையை மாட்டிக்கொண்டே, ஏழு சீட்டுகளையும் போட்டேன்.

தொங்கு பையின் குணத்தைச் சொல்கிறேன், கவனியுங்கள். பை நிறைய இருந்தால் அதன் வாய் மூடிக்கொள்ளும். பக்கத்துப் பைக்கும் அதற்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் வாய் மாதிரித் திறந்து தெரியும். அவசரத்தில் விரல் அங்கேதான் போகும். அங்கே போட்ட காகிதம் பைக்குள் போகாது. நேராகக் கீழே வழுக்கி டிராயரின் அடித் தகரத்தில் படுத்துக்கொள்ளும். மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தொங்கிக்கொண்டிருக்கும். ஆறு சீட்டுகள் பைக்குள் போயின. ஏழாவது கீழே போய்விட்டது. அது நாற்பத்தொன்றாம் எண் சிலிங்கின் சிவப்புச் சீட்டு. எனக்குத் தெரியாது. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு போனேன்.

திங்கட்கிழமை இரும்புக் குழாய்கள் ஏற்றிவந்த கப்பல். காலை ஏழே முக்காலுக்கு அண்ணாச்சியின் போன். பதினோரு எண்கள் கேட்டார்.

“நாப்பத்தொண்ணு?”

பையைத் திறந்தேன். பழைய வெள்ளைச் சீட்டு இருந்தது. “எடுக்கலாம்” என்றேன்.

“நாப்பத்தொண்ணு எடுக்கலாம்” என்று அவர் திருப்பிச் சொன்னார்.

பத்தரை மணிக்குக் கப்பலின் அடியறையிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்த குழாய்க் கட்டு, வடம் அறுந்து கீழே விழுந்தது. கீழே நின்றவன் அந்தோணி என்ற சுமைத் தொழிலாளி. கல்யாணமாகி ஒன்றரை வருடம். மற்ற நாலு பேர் ஒதுங்கிவிட்டார்கள், அவன் நின்ற மூலையில் ஒதுங்க இடமில்லை. குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்துத்தான் அவனை வெளியே கொண்டுவர முடிந்தது. அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. முதல் கால் மணி நேரம் அவன் பேசிக்கொண்டிருந்தான் என்றார்கள். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை.

அறுந்தது நாற்பத்தொன்று என்று போனில் செய்தி வந்ததும் ஓடிப்போய்ப் பையைத் திறந்தேன். வெள்ளைச் சீட்டுதான். அப்பாடா என்றிருந்தது. ஆமாம், ஒருத்தன் செத்துக்கிடக்கிறான், எனக்கு அப்பாடா என்றிருந்தது. அடுத்த பத்து நிமிடத்தில் சர்வேயர் மேனேஜருக்குப் போன் செய்தார். நாற்பத்தொன்றைக் கழித்துவிட்டேன், சீட்டு சனிக்கிழமையே வந்திருக்கிறது, உங்கள் கிளார்க் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாள் என்றார். மேனேஜர் என் அறைக்கு வந்து நின்றார். நான் பைகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் போட்டேன். டிராயரின் அடியில் சிவப்பு தெரிந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மேனேஜர் கத்தவில்லை. ரொம்ப மெதுவாகத்தான் கேட்டார். “இது எங்க இருக்கணும்?”

“நாப்பத்தொண்ணுல, சார்.”

“அப்ப அங்க வை.”

அவ்வளவுதான் சொன்னார். திரும்பிப் போய்விட்டார். நான் வைத்தேன். பைகளையெல்லாம் மறுபடி எண் வரிசையில் மாட்டினேன். டிராயரை மூடினேன்.

அதன் அர்த்தம் எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். சிவப்புச் சீட்டு தன் பைக்குள் இருந்தால் ஆபீஸில் தப்பில்லை. ஆபீஸில் தப்பில்லை என்றால் ஸ்டோர் அண்ணாச்சி எங்களைக் கேட்காமலே கெட்ட வடத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார் என்று ஆகும்.

மூன்றாம் நாள் அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்தார். டிராயரைத் தானே இழுத்தார். நாற்பத்தொன்றில் சிவப்புச் சீட்டு இருந்தது. ‘நல்லா வச்சிருக்கீங்கம்மா’ என்று என் பீரோவை மெச்சினார். அண்ணாச்சியைக் கூப்பிட்டு மேஜைக்கு முன்னால் நிற்க வைத்தார்கள்.

“நான் கேட்டேன் சார். நாப்பத்தொண்ணு கேட்டேன். புள்ள எடுக்கலாம்னு சொல்லிச்சு. கேளுங்க, அந்தப் புள்ளயவே கேளுங்க” என்றார் அண்ணாச்சி.

“அன்னைக்கு என்னென்ன நம்பர் கேட்டீங்க? சொல்லுங்க பார்ப்போம்.”

அவர் விரல் விட்டுச் சொல்லத் தொடங்கினார். எட்டு வரை சரியாகச் சொன்னார். ஒன்பதாவதில் தடுமாறினார். கேட்காத ஓர் எண்ணைச் சொன்னார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இரண்டாம் தடவை வேறு இடத்தில் தப்பினார். இன்ஸ்பெக்டர் ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நாற்பத்தொன்று கேட்டாரா?”

“கேட்டதா ஞாபகம் இல்லை, சார்.”

பிள்ளைகளே, உங்கள் வேலையில் வாயிலிருந்து வரக்கூடிய வார்த்தைகளிலேயே இதுதான் மோசமானது. ‘கேட்கவில்லை’ என்று சொல்லியிருந்தால் அது பொய், நாளைக்கு ஒருத்தன் பிடிக்கலாம். ‘ஞாபகம் இல்லை’ என்பதை யாராலும் பிடிக்க முடியாது. படித்தவர்கள் சொல்கிற பொய் இது. ஏன் சொன்னாய் என்று கேட்டால், பயம். என் பீரோ, என் பேர், ஊரில் அப்பாவின் பேர், போலீஸ், கோர்ட்டு என்று அன்றைக்கு நூறு காரணம் இருந்தது. சலித்துப் பார்த்தால் பயம் மட்டும்தான் மிச்சம். மேனேஜர் என்னை மிரட்டவில்லை. அப்படி மிரட்டியிருந்தால் அவர் மேல் பழியைப் போட்டு இத்தனை வருடம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அண்ணாச்சியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். இருபது நாள் கழித்துத் தன் காகிதங்களை வாங்க வந்தார். அவருடைய பையும் என் பீரோவில்தான் தொங்கியது. எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார். நல்ல காதை என் பக்கம் திருப்பிக் கேட்டார்.

“ஏளா, உன்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. வேலை போனா போவுது. எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் தெரியணும். ராத்திரி கண்ண மூடினா அதுதான் ஓடுது. நான் கேட்டேனா, கேக்கலையா?”

அறையில் வேறு யாரும் இல்லை. மேனேஜர் ஊரிலேயே இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருக்க முடியும்? எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன். எந்த ஆபத்தும் இல்லாமல் அவருக்கு அந்த ஒரு வார்த்தையைக் கொடுத்திருக்கலாம். இன்ஸ்பெக்டர் முன்னால் சொன்னதைக்கூட யாராவது மன்னிக்கக்கூடும். இதை மன்னிக்கவே முடியாது.

“ஞாபகம் இல்லை அண்ணாச்சி” என்றேன்.

“நீ வாத்தியார் மவ. பொய் சொல்ல உனக்கு என்ன தலையெழுத்து? அப்ப நான்தான் கேக்காம எடுத்துக் குடுத்திருக்கேன்” என்றார். காகிதங்களை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

அங்கிருந்து நேராக அந்தோணியின் வீட்டுக்குப் போனாராம். வாசலில் முழங்கால் போட்டு, ‘என் தப்புதான்’ என்று அந்தோணியின் மனைவி ஜெபமாலையிடம் சொன்னாராம். அவள் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவர் துறைமுகப் பக்கமே வரவில்லை. மனைவி முன்பே இறந்துவிட்டார், பிள்ளைகளும் இல்லை. ஒவ்வொரு வருடமும் அந்தோணி செத்த நாளில் கோவிலில் அவன் பேருக்குப் பூசை வைப்பதைத் தவறவே விடவில்லை. பதினைந்து வருடத்துக்கு மேல் அப்படி இருந்துதான் செத்தார்.

ஜெபமாலைக்கு நஷ்டஈட்டுக் காகிதங்களையெல்லாம் நான்தான் ஓடி ஓடித் தயார் செய்து கொடுத்தேன். ஒரு காகிதம் பிசகாமல் ஒரே மாதத்தில் முடித்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? அவள் என்னைத் தெய்வமாக நினைத்தாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நல்ல சீலாக் கருவாடாகப் பார்த்து வாங்கிக்கொண்டு என் வீடு தேடி வந்துவிடுவாள். அதை ஆக்கி, என் பிள்ளைகளுக்கும் போட்டு, நானும் சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கத்தான் செய்தது. இறங்காமல் இருந்திருந்தால் கதைக்கு நன்றாக இருக்கும்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன், இல்லையென்றால் எதற்கு எழுதச் சொன்னோம் என்பார்கள். காகிதத்தைப் போடுமுன் இடது கையைப் பைக்குள் விட்டு வாயைத் திறங்கள், அப்புறம் போடுங்கள். சாயங்காலம் டிராயரை மூடுமுன் அடித் தகரத்தை ஒரு தடவை கையால் தடவிப் பாருங்கள். போனில் சொல்கிற ஒவ்வொரு பதிலையும் எழுதி வையுங்கள். முன்பு தன் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரின் கண்ணை நம் வசதிக்காக மறைக்கிறோம் என்றால், அவருக்குப் பதிலாக என்ன கொடுக்கிறோம் என்று முதலில் யோசியுங்கள். இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். மற்றது பழகாது. தப்புச் செய்த அன்றைக்கே சொன்னால் அது நம்முடைய தப்பாகவே நிற்கும். ஒரு நாள் தள்ளிப்போட்டால் வேறொருத்தர் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும்; பிற்பாடு நினைத்தாலும் இறக்க முடியாது.

அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். அவர் கேட்டார். நாற்பத்தொன்று என்று தெளிவாகக் கேட்டார். எடுக்கலாம் என்று சொன்னவள் நான்.

இதை உங்களுக்கு எழுதுமுன் ஜெபமாலையிடம் சொல்லிவிட வேண்டும் என்று போன மாதம் அவள் வீட்டுக்குப் போனேன். அவளுக்கும் முடி முழுக்க நரைத்துவிட்டது. காப்பி போட எழுந்தவளை உட்கார வைத்து, சீட்டு கீழே விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள், வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவள் திட்டவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கு அண்ணாச்சி இந்த வாசல்ல முட்டுக்குத்தி நின்னாவ, அக்கா. நான் அவிய மூஞ்சில காறித் துப்பினேன். தொடைக்கக்கூட இல்ல, அப்படியே எந்திரிச்சுப் போனாவ” என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

“இப்ப நான் யார்ட்டப் போயி மன்னிப்புக் கேக்க?”